முற்றத்தில் பைத்தோட்டம்: செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு?

வவுனியாவில் விதை, பசளை, விவசாய உபகரணங்கள் விற்கும் சிறிய கடையொன்றை நான் நடத்தி வருகின்றேன். கடைக்கு வருகின்றவர்களில், குறிப்பாகப் பெண்களில், பலர் கேட்பது ஒரே கேள்விதான். "நானா, முற்றத்தில பையில மரக்கறி வச்சா மாசம் எவ்வளவு கிடைக்கும்?" செட்டிகுளத்திலிருந்து வருபவரும் கேட்கிறார், முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வருபவரும் கேட்கிறார். பை விற்கின்ற எனக்கு "நிறையக் கிடைக்கும்" என்று சொல்லிவிடுவது மிக இலகு. ஆனால் கேட்பவர்களில் சிலர் அந்தப் பதிலை நம்பி நேரே கடன் வாங்கப் போகக் கூடியவர்கள். ஆகவே இந்த வாரம் பைத்தோட்டத்தைச் செய்யும் முறையையும், அதன் கணக்கையும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

காணியிருக்கும் வன்னியில் பை எதற்கு?

வெளியூர் நண்பர்கள் இப்படிக் கேட்டுச் சிரிப்பதுண்டு. வன்னியில் காணிக்கு என்ன பஞ்சம் என்பது அவர்களுடைய எண்ணம். காணி இருக்கிறது, உண்மை. ஆனால் வவுனியாப் பக்கத்துச் செங்கபில மண் ஆடி ஆவணியில் செங்கல் போல இறுகிவிடும், மாரியில் காலைக் கவ்விப் பிடிக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்து மணலோ ஊற்றிய தண்ணீரை நின்று குடிக்காது. இதற்கு மேல் கட்டாக்காலி மாடு, குரங்கு, மயில். வேலியில்லாத வளவில் பத்துப் பாத்தி போடுவதை விட, கிணற்றடியிலோ குசினி வாசலிலோ முப்பது பையைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக் காப்பது இலகு.

மீள்குடியேறியவர்களின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 2009 க்குப் பின்னர் முல்லைத்தீவு போன்ற இடங்களுக்குத் திரும்பியபோது, பலருடைய வளவுகள் காடாகிக் கிடந்தன. 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய தமிழ்க் குடும்பங்களின் கதையும் வேறல்ல. பழைய கிணறு தூர்ந்திருக்கும், நட்ட மரம் இருக்காது. காணியைத் துப்புரவாக்கி, வேலியடைத்து, கிணறு இறைத்து ஒரு பயிரைக் காணக் காலம் எடுக்கும். பைக்கு அந்தக் காத்திருப்புத் தேவையில்லை. நகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு இன்னொரு வசதி, வீடு மாறும்போது தோட்டமும் லொறியில் ஏறும்.

இது புதுமையான யோசனையுமல்ல. கென்யாவின் நைரோபி நகரில் கிபேரா என்ற பெரிய சேரிப்பகுதி இருக்கிறது. 2008 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அங்கே சாக்குத் தோட்டம் பரவியது. நிமிர்த்தி வைத்த சாக்கின் நடுவில் மேலிருந்து கீழாகக் கல்லை நிரப்பி, சுற்றிவர மண்ணைப் போட்டு, சாக்கின் பக்கங்களில் துளையிட்டு அதிலெல்லாம் கீரை நடுவார்கள். நடுவிலுள்ள கல் வழியாகத் தண்ணீர் அடிவரை இறங்கும். தமிழ்நாட்டில் 2013-14 இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித்தோட்டப் பொருட்களை மானிய விலையில் கொடுத்தார்கள்.

நமது நாட்டில் இதற்குப் பெரிய தள்ளுதல் 2022 இல் வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் விளைச்சல் விழுந்துவிட்டது. டொலர் தட்டுப்பாடும் சேர, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகியது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்ததும் அந்த ஆண்டில்தான். அப்போது எனது கடையில் பை கேட்டு வரிசை நின்றது. ஆனால் அந்தப் பைகளில் பல அடுத்த ஆண்டே வெறுமையாகக் காற்றில் ஆடக் கண்டேன். காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று தண்ணீர். மற்றது, எந்த மாதத்தில் எதை நடுவது என்று பாராமல் நட்டது.

பையும் மண்ணும்

தக்காளி, மிளகாய், கத்தரி போன்றவற்றுக்கு ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் வேண்டும். அதைவிடச் சிறிய பையில் செடி வளரும், காய்க்க யோசிக்கும். கீரை, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் ஆகியவற்றுக்கு அரையடி ஆழம் போதும். அவற்றுக்குப் பையை விட அகன்ற பழைய பேசினோ, நெடுக வெட்டிய பிளாஸ்ரிக் கானோ நல்லது.

பை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை (இதை எழுதுவதால் எனக்குத்தான் நட்டம், பரவாயில்லை). யூரியா வந்த உரப்பை, அரிசிப் பை, உடைந்த வாளி எல்லாம் உதவும். உரப்பையைப் பாதியாக மடித்து இரட்டையாக்கினால் கூடுதல் காலம் நிற்கும். வன்னி வெயிலில் தனிப் பை ஒரு போகத்திலேயே பொடியாகத் தொடங்கும். சீமெந்துப் பையை நன்றாகக் கழுவாமல் பாவிக்கக் கூடாது. பூச்சிமருந்து வந்த கானை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் அது உணவுப் பயிருக்கு உரியதல்ல.

அடியில் ஆறு முதல் எட்டுத் துளைகள் வேண்டும். பையை நேரடியாகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைத்தால் தண்ணீர் வடியும், கறையானும் சுலபமாக ஏறாது.

மண் கலவைக்கு எல்லோரும் சொல்வது ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு கூட்டெரு அல்லது மக்கிய மாட்டெரு. வவுனியாவின் களிப்பான மண்ணென்றால் மணலில் பாதியைக் குறைத்துத் தும்புத்தூள் சேருங்கள். கரையோர மணலென்றால் மேலும் மணல் போடத் தேவையே இல்லை, எருவையும் தும்புத்தூளையும் கூட்டுங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். பச்சைச் சாணமும் பச்சைக் கோழியெருவும் வேரைச் சுட்டுவிடும். மரத்தூளை மக்காமல் போட்டால் அது உக்குவதற்காக மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். வேலியில் நிற்கும் கிளிரிசிடியா இலையை வெட்டிக் கூட்டெருக் குவியலில் போடுங்கள். நைதரசன் நிறைந்த அந்த இலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தண்ணீர்க் கணக்கு

பைத்தோட்டத்தின் உயிர்நிலை இதுதான். தரையில் நிற்கும் செடி வேரை ஆழமாக விட்டு ஈரத்தைத் தேடும். பையில் நிற்கும் செடிக்கு நாம் ஊற்றுவது மட்டும்தான். நன்கு வளர்ந்த தக்காளிச் செடி சோளகக் காற்று வீசும் காலத்தில் நாளுக்கு ஒன்றரை லீற்றர் வரை கேட்கும். 40 பை என்றால் 60 லீற்றர், அதாவது பெரிய வாளியால் நான்கு வாளி, ஒவ்வொரு நாளும். கிணறு வற்றி பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்கும் கிராமத்தில் இது நடக்காத காரியம். ஆகவே பை எத்தனை வைப்பது என்பதை முற்றத்தின் அளவைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். ஓகஸ்ட் மாதத்தில் உங்கள் கிணற்றில் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கொண்டு தீர்மானியுங்கள்.

மண்ணின் மேல் வைக்கோல் அல்லது காய்ந்த இலை இரண்டங்குலம் போட்டால் ஈரம் நிற்கும். பைகளை நெருக்கி வைத்து, மேற்குப் பக்கத்தைக் கிடுகால் மறைத்தால் பிற்பகல் வெயிலில் வேர் வேகாது. கறுப்புப் பையென்றால் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூசலாம். அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை ஊற்றலாம், சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியாவில் பல இடங்களில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துள்ளன. அங்கே குடிநீர் எடுத்த பிறகு கழிவாக விடும் தண்ணீர் சும்மா கிடைக்கிறதே என்று சிலர் தோட்டத்துக்குக் கொண்டு போகிறார்கள். கிணற்றிலிருந்த உப்பெல்லாம் செறிந்து நிற்பது அந்தத் தண்ணீரில்தான். பையின் விளிம்பில் வெள்ளைப் படிவு கண்டால் உப்பு ஏறுகிறது என்று பொருள். மழைத் தண்ணீரால் நன்றாக வடியவிட்டுக் கழுவ வேண்டும்.

எதை, எப்போது?

வரண்ட வலயத்தில் நமக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான். தக்காளி பூக்கும்போது பகல் வெப்பம் 32 பாகைக்கு மேல் போய், இரவும் புழுக்கமாக இருந்தால் பூ உதிரும். ஆகவே டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை பூக்குமாறு நாற்றுப் போட வேண்டும். சித்திரை வெயிலில் தக்காளி பூத்துக் கொட்டுகிறது என்று மருந்து கேட்டு வருபவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. அது நோயல்ல.

பெரும் மழையில் தரைத்தோட்டம் மூழ்கும்போதுதான் பைக்கு அனுகூலம். தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்கலாம். அதே காலத்தில் நாடு முழுவதும் மரக்கறி விலை ஏறுவதையும் பார்க்கிறோம். 2024 ஜனவரியில் கரட் ஒரு கிலோ 2000 ரூபாவைத் தாண்டியது நினைவிருக்கும். கரட் நமது வெயிலுக்கு ஆகாது. ஆனால் அந்த மாதங்களில் வீட்டில் பறிக்க எந்த மரக்கறி இருந்தாலும் அதற்குப் பெறுமதி உண்டு.

இனங்களைப் பொறுத்தவரை, மிளகாயில் எம்.ஐ.2, கே.ஏ.2 போன்றவை வரண்ட வலயத்துக்கெனத் தெரிவு செய்யப்பட்டவை. கத்தரியில் திருநெல்வேலி ஊதா நமது மக்களுக்குப் பழகிய சுவை. இவற்றிலிருந்து நீங்களே விதை எடுத்து வைக்கலாம். கலப்பின விதையில் காய் கூடுதலாக வரும், ஆனால் அதன் விதையைப் போட்டால் தாயைப் போல வராது, ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்கு வர வேண்டும். எது தேவை என்று தெரியாவிட்டால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

பூச்சிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிளகாய் இலை சுருண்டால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பனிப்பூச்சியோ சிற்றுண்ணியோ இருக்கும். வேப்பம் விதைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து மாலையில் விசிற வேண்டும். வேப்பம் விதை நமது ஊரில் வீதியிலே கொட்டிக் கிடக்கிறது. திடீரென வாடிச் சாகும் தக்காளி, கத்தரிச் செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் மறுபடி அதே குடும்பப் பயிரை வைக்காதீர்கள்.

இனிக் கணக்கு

விலைகள் மாறும். ஆகவே கீழேயுள்ளவை உதாரண எண்கள், உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள்.

40 பையில் மிளகாய் வைக்கிறீர்கள். பை, மண், எரு, தும்புத்தூள் எல்லாம் சேர்த்துப் பை ஒன்றுக்கு 150 ரூபா என்று வைத்தால் 6000 ரூபா. விதை, நாற்று, இதர செலவு 1000. மொத்தம் 7000. நாற்பதில் ஐந்து செடி போய்விடும் என்று வையுங்கள். மீதி 35 செடி, செடிக்கு அரைக் கிலோ என்றால் பதினேழரைக் கிலோ. கிலோ 400 ரூபா என்றால் கிடைப்பது 7000 ரூபா. அதாவது ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றியதற்குப் பிறகு போட்ட காசு மட்டும் கைக்கு வருகிறது.

அதுவும் 400 என்பது நீங்கள் கடையில் வாங்கும் விலை. நீங்கள் கடைக்குக் கொண்டு போனால் முதலாளி 250 தான் தருவார். அப்போது வரவு 4375 ரூபா, நட்டம் 2625 ரூபா. இதைச் சொன்னதும் ஒரு சகோதரி, "அப்ப இவ்வளவு நாளும் நாங்க சும்மாவா தண்ணி ஊத்தின?" என்று கோபமாகக் கேட்டார். சும்மா அல்ல, தங்கச்சி. இதே காயை வீட்டுக் கறிக்கு எடுத்தால் கணக்கு மாறுகிறது. நாளுக்கு 100 கிராம் பாவிக்கும் வீட்டுக்கு மாதம் மூன்று கிலோ, ஐந்து மாதத்துக்கு 15 கிலோ. அதை 400 ரூபாவுக்கு வாங்காமல் விட்டால் 6000 ரூபா மிச்சம். விற்றால் நட்டமாகும் அதே காய் சட்டிக்குள் போனால் கிட்டத்தட்ட முழுப் பெறுமதியையும் தந்துவிடுகிறது. இரண்டாம் போகத்தில் பையும் மண்ணும் ஏற்கனவே இருப்பதால், எருவுக்கும் விதைக்கும் 2000 ரூபா போட்டால் போதும். அப்போதுதான் உண்மையான மிச்சம் தொடங்கும். ஆகவே முதலில் சாப்பிடுவதற்கு நடுங்கள், மிஞ்சியதை விற்கலாம்.

கடனெடுத்துச் செய்யலாமா?

இதற்கு எனது பதில் வேண்டாம் என்பதுதான். காரணம் வட்டி மட்டுமல்ல, தவணை. மிளகாய் விதை போட்டு நாற்றாக ஐந்து வாரம், நட்டு முதல் காய் பறிக்க இன்னும் ஒன்பது பத்து வாரம். ஏறத்தாழ 100 நாள். வாரத் தவணைக் கடனோ அடுத்த வாரமே வாசலில் வந்து நிற்கும். முதல் காயைக் காண்பதற்கு முன் 14 தவணை கட்டியாக வேண்டும். அது எங்கிருந்து வரும்? கூலி வேலையிலிருந்து, அல்லது இன்னொரு கடனிலிருந்து. கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் அதிகம். அவர்களில் பலர் இப்படித்தான் ஒரு நிறுவனத்தின் தவணையை இன்னொரு நிறுவனத்தின் கடனால் கட்டி மாட்டிக்கொண்டார்கள். 2018 இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. வன்னி மாவட்டங்களும் அதில் இருந்தன.

பத்துப் பையோடு தொடங்குங்கள். பழைய உரப்பை, சொந்த வளவு மண், அயல் வீட்டு மாட்டெரு. செலவு விதைக்கு மட்டும்தான். அதிலே தப்பிய செடியின் விதையை எடுத்து அடுத்த போகத்தில் இருபதாக்கலாம். நிறுவனங்கள் இலவசமாகத் தரும் பைகளையும் வாங்குங்கள், ஆனால் தண்ணீருக்கு ஏற்ற எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஐம்பது தருகிறார்கள் என்பதற்காக ஐம்பதையும் எடுத்து முப்பதைச் சாகவிடுவதில் பயனில்லை.

விற்க வேண்டுமென்றால் செடியை விற்கலாம்

காயில் இல்லாத இலாபம் நாற்றில் இருக்கிறது. ஐந்து கிராம் மிளகாய் விதையில் ஏறத்தாழ 800 விதை இருக்கும். முளைக்காதது, அழுகியது எல்லாம் கழித்து 500 நாற்றுத் தேறினால், ஒன்று ஐந்து ரூபா என்றாலும் 2500 ரூபா, அதுவும் ஐந்து வாரத்தில். இடம் ஒரு பாய் அளவு. தண்ணீர் ஒரு வாளிக்குள் அடங்கும். நாற்றுமேடையில் முதலில் வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பி எரித்து மண்ணைச் சூடேற்றினால் நாற்றழுகல் குறையும்.

இன்னும் பொறுமை உள்ளவர் பிஞ்சு பிடித்த செடியைப் பையோடு விற்கலாம். 150 ரூபா செலவான பைச்செடி, காய் தொங்கும் நிலையில் 300 ரூபாவுக்குப் போனால் இலாபம் பாதிக்குப் பாதி. வாங்குபவர் யாரென்றால், நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் உத்தியோகத்தர்கள், பாடசாலைகள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசனுப்பும் வீட்டு முதியவர்கள். ஆனால் நினைவில் வையுங்கள், ஓர் ஊரில் 40 செடி விற்கும், 400 விற்காது. அயலில் ஒருவர் மிளகாய் விற்றால் நீங்கள் கறிவேப்பிலை, ரம்பை, புதினா பக்கம் போங்கள். நோன்பு காலத்தில் கஞ்சிக்கும் சம்பலுக்கும் ரம்பை, புதினா, மல்லியிலை எவ்வளவு தேவைப்படுகிறது என்பது நமது வியாபாரிகளுக்குத் தெரியும். ரமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருவதால், கலண்டரைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு முன் தண்டு நட வேண்டும். மல்லி விதைத்து ஒன்றரை மாதத்தில் இலை வெட்டலாம், ஆனால் கடும் வெயிலில் அது இலை விடாமல் பூத்துவிடும்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பறித்ததையும் அன்றைய கடை விலையில் வரவாக எழுதுங்கள். பெரும்போகத்துக்கு மிளகாய், கத்தரி விதை போடுவதற்கு ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். தக்காளி விதையை ஒக்டோபர் கடைசியில் போடலாம். கூட்டெரு மக்குவதற்கு இரண்டு மூன்று மாதம் தேவை என்பதால், குவியலை ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.